இரண்டும் ஒருவருக்கே

இந்தப் பக்கம் வந்து உட்கார் பாப்பா. அங்கே ஃபேன் காற்று வராது. பையை இப்படிக் கொடு, என் மடியில் இருக்கட்டும். முகத்தைத் துடைத்துக்கொள். துண்டு வேண்டுமா? காலையில் எடுத்து வைத்ததுதான், சுத்தமாக இருக்கிறது.

நான் வலியப் போய் யாரிடமும் பேசுகிறவள் இல்லை. கம்பெனியில் எனக்குப் பேரே "கல்லு." முப்பத்தோரு வருஷம் ஒரே மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்தவளிடம்கூடப் பருப்பைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. ஆனால் நீ டாக்டரிடம் கேட்டது என் காதில் விழுந்துவிட்டது. ஒட்டுக் கேட்கவில்லை. கதவு திறந்திருந்தது, அடுத்த டோக்கன் என்னுடையது. "இதை விட்டா வேற நல்ல கிட்னி வராதா சார்?" என்று கேட்டாய். வேற நல்ல கிட்னி. அந்த வார்த்தைதான் என்னை எழுப்பிக் கொண்டுவந்து உன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டது.

கோபமாகச் சொல்லவில்லை. உன் வீட்டுக்காரர் வருஷக்கணக்காக டயாலிசிஸ் மிஷினோடு கிடக்கிறார். நீ கேட்காமல் யார் கேட்பார்கள்? முடிவு சொல்ல எவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறார்கள்? ஒரு மணி நேரமா. அதை அழுதே தீர்த்துவிடாதே. நான் சொல்வதைக் கேட்டுவிட்டு உள்ளே போய் உன் இஷ்டப்படி சொல்.

நான் கிட்னி கொடுத்த பக்கத்து ஆள். நான் கொடுக்கவில்லை, என் பிள்ளை கொடுத்தான். அவன் எங்கே கொடுத்தான், அவன் படுத்திருந்தான். நாங்கள் கொடுத்தோம்.

தேவநாதன் என்று பேர். தேவா என்று கூப்பிடுவோம். எனக்கு ஒரே பிள்ளை.

எங்களுக்குப் பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஊர். நான் முந்திரிக் கம்பெனியில் தரம் பிரிக்கிறவள். உடைத்துத் தோல் நீக்கிய பருப்பை மேஜையில் கொட்டுவார்கள். முழுசு ஒரு பக்கம், பாதி ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம். கருகலும் சொத்தையும் தனி. முழுசிலும் பெரிசு சிறிசு பார்த்து நம்பர் உண்டு. ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு நிற்கிறதோ அதுதான் நம்பர். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். எண்ண மட்டும் தெரியும். தேறும், தேறாது, தேறும், தேறாது என்று நாளெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தவள். என் பிள்ளையையும் ஒருநாள் மேஜையில் கொட்டிப் பிரிப்பார்கள் என்றுதான் தெரியாது.

தேவா மோட்டார் காயில் கட்டுகிறவன். சுற்றுவட்டத்தில் எந்தப் பம்புசெட் மோட்டார் எரிந்துபோனாலும் அவனிடம்தான் வரும். தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பி. எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே கட்ட வேண்டும், ஒன்று கூடக் கூடாது, குறையக் கூடாது. யாராவது நடுவில் பேசினால், "இரு இரு, எண்ணிக்கிட்டிருக்கேன்" என்று கையைக் காட்டுவான். என் குணம் அப்படியே வந்திருந்தது. குனிந்து கம்பியையே பார்த்துப் பார்த்து அவனுக்குத் தலைவலி. சாயங்காலம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வருவான். "அம்மா, ஒரு செட்டு இருந்தா குடு."

செட்டு தெரியுமா உனக்கு? உங்கள் ஊரில் என்ன சொல்வார்களோ. எங்கள் கம்பெனி வாசலில் ஒரு மெடிக்கல் இருக்கிறது. மாத்திரைப் பேரெல்லாம் சொல்ல வேண்டாம். "ஒரு செட்டு" என்றால் போதும். வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, சின்னதாக ரோஸ் ஒன்று, பேப்பரில் மடித்துக் கொடுத்துவிடுவார். காலையிலிருந்து குனிந்தே கிடக்கிற பொம்பளைகள் எல்லாரும் அதைப் போட்டுக்கொண்டுதான் மேஜைக்கு வருவோம். போட்டால் இடுப்பு இருக்கிற இடம் தெரியாது. எனக்கு வாங்கும்போதே தேவாவுக்கும் சேர்த்து வாங்கிவிடுவேன். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. வெறும் வயிற்றில் கொடுத்ததே இல்லை. டீயும் இரண்டு பொரையும் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் மாத்திரை. கல்யாணம் ஆன பிறகும் அந்த ஒரு வேலையை மட்டும் நான் மேகலாவிடம் விடவில்லை.

மேகலா என் மருமகள். அவளைச் சொல்லத்தான் வருகிறேன். எல்லாம் அவளால்தான்.

வந்த நாளிலிருந்து அவளுக்கு அந்தச் செட்டைக் கண்டால் ஆகாது. "அத்தை, இப்படித் தினமும் குடுக்காதீங்க. ஏன் வலிக்குதுன்னு மொதல்ல பாக்கணும்" என்பாள். நான் வைக்கிற டப்பாவிலிருந்து எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பாள். நான் தேடி எடுத்துவிடுவேன். அரிசியில் கை வைத்தால் எனக்குத் தெரியாதா? ஒருநாள் ஊரில் மெடிக்கல் கேம்ப் போட்டார்கள். புருஷனை இழுத்துக்கொண்டு போனாள். ப்ரஷர் ஏகத்துக்கு இருக்கிறது என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதை ஆரம்பித்தால் ஆயுசு முழுக்க விட முடியாதாம். நாற்பது வயசுப் பிள்ளைக்கு அது எதற்கு? நான் வேண்டாம் என்றேன். செட்டு அப்படியா? வேண்டும் என்றால் போடலாம், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். அவன் விடவில்லை, அது வேறு விஷயம்.

போன வருஷம் சித்திரையில், முந்திரி வந்து குவிகிற நேரம், கடையில் உட்கார்ந்து காயில் கட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே முன்னால் சாய்ந்துவிட்டான். பக்கத்து டீக்கடைக்காரர் ஏதோ கீழே விழுந்ததை எடுக்கிறான் என்று நினைத்தாராம். கடலூருக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து இங்கே. மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

டெஸ்ட் எடுத்தார்கள். சில மணி நேரம் விட்டு அதே டெஸ்டை மறுபடியும் எடுத்தார்கள். மூளைச்சாவு என்றார்கள். நெஞ்சு ஏறி இறங்குகிறது பாப்பா. கையைத் தொட்டால் சூடாக இருக்கிறது. "மூச்சு விடுறானே சார்" என்றேன். "அது மிஷின் விடுற மூச்சும்மா" என்றார் டாக்டர். அவர் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். நல்ல மனுஷர்.

அப்புறம் உறுப்பு தானத்துக்குப் பேசுகிற ஹெலன் மேடம் வந்தாள். நீயும் பார்த்திருப்பாய், கழுத்தில் நீலக் கயிற்றில் அட்டை மாட்டிக்கொண்டு நடப்பாளே, அவள்தான். நான் நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவளும் தரையில் உட்கார்ந்தாள். நேரம் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கேட்டாள். மேகலாதான் சொன்னாள்: "குடுத்துடலாம் அத்தை. ஆகாதுன்னு யார் வீட்டு மோட்டாரையும் அவர் திருப்பி அனுப்பினதில்ல."

அது உண்மை. அதனால் நான் தலையாட்டினேன். ஹெலனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். எத்தனை பேருக்கு ஆகும்?

"ரெண்டு கிட்னி ரெண்டு பேருக்கு. ஈரல் ஒருத்தருக்கு. கண்ணு ரெண்டு பேருக்கு. எல்லாம் நல்லா இருந்தா அஞ்சு பேரும்மா."

அஞ்சு. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் பாப்பா நான் அன்றைக்கு எழுந்து நின்றேன். ஊரிலிருந்து என் தங்கச்சி போன் பண்ணி அழுதாள். "அழாதேடி, அஞ்சு பேருக்கு உயிர் குடுக்கப் போறான்" என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன். அவள் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். 'எல்லாம் நல்லா இருந்தா' என்று ஹெலன் சொன்னதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. என் பிள்ளையிடம் நல்லா இல்லாதது என்ன இருக்கப்போகிறது?

அப்புறம் ஒரு டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் ஒரு ரூமில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். சர்க்கரை இருந்ததா? இல்லை. குடிப்பாரா? இல்லை. பீடி, சிகரெட், பாக்கு? இல்லை, இல்லை, இல்லை. எனக்குச் சொல்லச் சொல்லப் பெருமையாக இருந்தது. மார்க் ஷீட் படிக்கிற மாதிரி. "வலி மாத்திரை ஏதாவது தொடர்ந்து போட்டுக்கிட்டிருந்தாரா?" என்றார்.

"என் பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது சார்" என்றேன்.

அவர் சரி என்று எழுதப் போனார். அப்போதுதான் மேகலா வாயைத் திறந்தாள். "இல்ல சார். போடுவாரு. தினமும் ரெண்டு வேளை. பல வருஷமா. ப்ரஷரும் இருந்துச்சு, அதுக்கு மாத்திரை போடல."

நான் அவளைப் பார்த்தேன். கட்டின புருஷன் பக்கத்து ரூமில் கிடக்கிறான். இவள் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கிற மாதிரி அவன் மேல் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். மேஜைக்கு அடியில் அவள் தொடையைக் கிள்ளினேன். கையை எடுத்துவிட்டுத் திரும்பி என்னிடமே சொல்கிறாள்: "அத்தை, வாங்கிக்கிறவங்களுக்குத் தெரியணும் இல்ல?"

எங்கள் தொழிலில் ஒன்று உண்டு பாப்பா. வியாபாரி டின்னைத் திறந்தால் மேலாக ஒரு கை அள்ளிப் பார்ப்பான். பருப்பு வெள்ளையாக இருந்தால் மூடிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவான். யாராவது பக்கத்தில் நின்று, "போன தடவை சொத்தை வந்துச்சு" என்று ஒரு வார்த்தை விட்டால் போச்சு. முழங்கை வரைக்கும் விட்டு அடியிலிருந்து அள்ளுவான். மேகலா அந்த வார்த்தையை விட்டுவிட்டாள். அவள் மட்டும் பேசாமல் இருந்திருந்தால் மேலாகப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

நீ கேட்கலாம், உன் மேஜையில் ஒரு கருகல் இருந்தால் நீ சொல்லமாட்டாயா என்று. சொல்வேன். சொல்லியிருக்கிறேன். சேர்ந்து வேலை செய்கிறவள் கண்ணீர் விட்டபோதும் அவள் டின்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பருப்பு வேறு. பிள்ளை வேறு.

தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். வாசலில் நர்ஸ் பிள்ளைகள், வார்டு பாய், டாக்டர் எல்லாரும் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கும்பிட்டார்கள். ஒரு கலெக்டருக்குக்கூட அப்படி நிற்கமாட்டார்கள். அப்போதுகூட எனக்கு மனசு நிறைந்துதான் இருந்தது என்று சொன்னால் நம்புவாயா?

உள்ளே கிட்னியிலிருந்து ஒரு துணுக்குக் கிள்ளி எடுத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். கிட்னிக்குள் வடிகட்டி மாதிரிச் சின்னச் சின்னதாக லட்சக்கணக்கில் இருக்குமாம். கண்ணுக்குத் தெரியாதாம். அந்தத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் வைத்து, எத்தனை நல்லதாக இருக்கிறது, எத்தனை வடுவாகிக் காய்ந்துபோயிருக்கிறது என்று எண்ணுவார்களாம். "பத்துக்கு மூணு காய்ஞ்சுபோச்சும்மா. ரெண்டு கிட்னியிலயும் அப்படித்தான் இருக்கு" என்றார்.

"நீங்களே எண்ணுனீங்களா சார்?"

"ரெண்டு பேர் தனித்தனியா எண்ணினோம்மா."

ரெண்டு பேர் தனித்தனியாக எண்ணினால் அதற்கு மேல் நான் என்ன சொல்ல? கப்பலுக்குப் போகிற டின்னை நாங்களும் அப்படித்தான் எண்ணுவோம். "அப்ப பத்துக்கு ஏழு நல்லதுதானே சார்?" என்றேன். "நல்லதுதாம்மா. அதனாலதான் இன்னும் முயற்சி பண்ணிக்கிட்டிருக்கோம்" என்றார்.

முயற்சி என்றால் என்ன என்று ஹெலனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். வரிசைப்படி ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகக் கேட்க வேண்டுமாம். "சரி சார். புரியுது சார். பரவாயில்ல சார்." போனை வைப்பாள். மறுபடி எடுப்பாள். "சரி டாக்டர். புரியுது டாக்டர்." நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேவாவுக்குப் பெண் பார்த்தபோதுகூட எங்களை ஒரு வீட்டிலும் வேண்டாம் என்று சொன்னதில்லை. முதல் வீட்டிலேயே முடிந்தது. அன்றைக்கு மூன்று இடத்தில் வேண்டாம் என்றுவிட்டார்கள். செத்த பிறகு என் பிள்ளை மூன்று வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினான் பாப்பா. தாயாக இருந்து அதைப் பார்க்கக் கூடாது.

நாலாவது இடத்தில் சரி என்றார்கள். ஹெலன் ஓடி வந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம். "ஒரு பெரியவருக்கு ஆகுதும்மா. ஆனா ஒண்ணு மட்டும் வெச்சா பத்தாது. ரெண்டையும் அவருக்கே வெச்சிடலாம்னு சொல்றாங்க. ரெண்டும் சேர்ந்து ஒரு முழு கிட்னி வேலையைப் பார்த்துடும்."

ரெண்டும் ஒருத்தருக்கா?

"ஆமாம்மா."

"அப்ப அஞ்சு?"

"நாலும்மா" என்றாள்.

நாலும் பெரிய எண்ணிக்கைதான். எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என் பிள்ளை ஒற்றை ஆளாக நின்று ஒரு வீட்டைத் தூக்கினவன். அவனுடையது ஒன்று ஒரு ஆளுக்குப் போதாது என்றால் எப்படி? நான் அங்கேயே மேகலாவிடம் சொன்னேன். "திருப்தியா? அஞ்சாவது ஆளை நீதான் கொன்னே" என்றேன். தாலியைக்கூட இன்னும் கழற்றாத பெண்ணிடம் அப்படிச் சொல்லலாமா என்று ஹெலன் என் கையைப் பிடித்தாள். சொன்னதை நான் திருப்பி வாங்கவில்லை.

காரியம் முடிந்ததும் அவள் பெண் குழந்தையைக் கூட்டிக்கொண்டு நெல்லிக்குப்பத்துக்குத் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். போகச் சொல்லவில்லை நான். இருக்கவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறாள். எடுக்கமாட்டேன். அடித்து ஓயும் வரைக்கும் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் அரிசிப் பானை இருக்கிறது, செட்டு டப்பா இருக்கிறது. இப்போது ஒளித்து வைக்க ஆள் இல்லை. வைத்த இடத்தில் வைத்தது அப்படியே இருக்கிறது. அதுதான் பாப்பா பெரிய கொடுமை.

ஒரு வருஷம் ஆனதும் உறுப்பு கொடுத்த குடும்பங்களையெல்லாம் இங்கே வரவழைத்து மரியாதை செய்தார்கள். ஆடிட்டோரியத்தில். என்னை மாதிரி நிறையப் பேர். பக்கத்தில் இருந்த அம்மா, "எங்க பொண்ணு ஏழு பேருக்கும்மா" என்றாள். பின்னால் ஒருவர் ஆறு என்றார். பேர் வாசித்தார்கள். "பண்ருட்டி பூங்காவனம் அம்மாள், மகன் தேவநாதன், ஐந்து பேருக்கு வாழ்வளித்தவர்" என்று மைக்கில் சொன்னார்கள். யாரோ பழைய குறிப்பைப் பார்த்துப் படித்துவிட்டார்கள். நான் மேடையில் நின்றுகொண்டிருந்தேன். என் ஆயுசில் ஒரு கணக்குத் தப்பாக இருந்து நான் திருத்தாமல் விட்டதில்லை. அன்றைக்கு விட்டேன். சால்வையை வாங்கிக்கொண்டு இறங்கினேன். கடைசி வரிசையில் மேகலா குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தெரியும் நாலு என்று. என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள். அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

குழந்தை என்னைப் பார்த்துக் கையை ஆட்டியது. நானும் ஆட்டினேன். அதில் என்ன இருக்கிறது.

அங்கேதான் ஹெலன் என் காலைப் பார்த்தாள். "என்னம்மா இப்படி வீங்கியிருக்கு?" என்று அன்றைக்கே ரத்தம் எடுக்கச் சொன்னாள். இதோ, விரலை வைத்து அழுத்தினால் குழி விழுகிறது பார். எனக்கும் கிட்னி காய்ந்துகொண்டு வருகிறதாம். அதற்குத்தான் வருகிறேன் இங்கே. இந்தத் தாடி டாக்டரும் மேகலா மாதிரியேதான். "வலி மாத்திரையை இன்னிக்கே நிறுத்துங்க. அதுதான் உங்க கிட்னியைத் தின்னுது" என்கிறார். எல்லாரும் சொல்லி வைத்த மாதிரி அதையே பிடித்துக்கொள்கிறார்கள். முப்பது வருஷமாகப் போடுகிறேன், எனக்கு என்ன ஆகிவிட்டது?

இது தண்ணீர் பாப்பா. எங்கள் போர் தண்ணீர் அப்படி. பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே தண்ணீரைக் குடித்தோம், அதனால்தான் அவனுக்கும் எனக்கும் ஒரே மாதிரி. மேகலாவும் பதினாலு வருஷம் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தாள். அவளுக்கும் குழந்தைக்கும் ஹெலன் டெஸ்ட் எடுக்க வைத்தாளாம். ஒன்றும் இல்லையாம். அது என்னவோ. சில உடம்புக்கு ஒத்துக்கொள்ளும்.

அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது வேறு.

அந்தப் பெரியவரைப் பற்றி ஹெலனிடம் ஒவ்வொரு தடவையும் கேட்பேன். பேர், ஊர் சொல்லக் கூடாதாம். எனக்கும் வேண்டாம். ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: "ஒண்ணுக்குப் போறாரா?" ஹெலன் சிரிப்பாள். "நல்லாப் போறாரும்மா. பேரனை ஸ்கூலுக்கு அவர்தான் நடத்திக் கூட்டிட்டுப் போறாராம்." மூன்று இடத்தில் தேறாது என்று தள்ளினதுதான் பாப்பா. இன்றைக்கு அது ஒரு பிள்ளையை ஸ்கூலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. அதனால்தான் சொல்கிறேன். உன் புருஷனுக்கு வந்திருக்கிறதும் அப்படித்தானே? கொஞ்சம் பழுது என்கிறார்கள், அவ்வளவுதானே? அதையும் யாரோ ஒருத்தி பெற்று, தலையில் எண்ணெய் வைத்து வளர்த்திருப்பாள். இந்த நிமிஷம் எங்கேயோ ஒரு தாழ்வாரத்தில் உட்கார்ந்து யாராவது சரி என்று சொல்லமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். நீ வேண்டாம் என்று சொல்லாதே. வேறு நல்லது என்று கேட்காதே.

என்ன? சொல், சொல். நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறேன்.

டாக்டர் அப்படியா சொன்னார்? கிட்னி கொடுக்கிற அந்த வீட்டுப் பெண்ணே எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டாளா? என்ன வியாதி, என்ன மாத்திரை, எத்தனை வருஷம், எல்லாம்? அவள் சொன்னதால்தான் எதற்கு எப்படிப் பார்க்க வேண்டும் என்று தெரிகிறது, தைரியமாக வைக்கலாம் என்றாரா?

அப்படியா.

இல்லை, ஒன்றும் இல்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தத் தண்ணீர் பாட்டிலை எடு.

அப்போது எங்களுக்கும் அந்த நாலாவது ஆஸ்பத்திரிக்காரர்கள் சரி என்றது... மேகலா சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் என்றால்... யார் கண்டது. ஹெலன் அப்படி எதுவும் சொன்னதில்லை. ஒருவேளை சொல்லியிருப்பாள், நான்தான் காதில் வாங்கியிருக்க மாட்டேன். இன்றைக்கு என்ன கிழமை? வெள்ளியா? ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இருக்கிறது. பார்க்கலாம்.

நீ என்ன முடிவு பண்ணினாய்? வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லப் போகிறாயா? நிஜமாகவா? என்னைத் தொட்டுச் சொல். உன் வீட்டில் விளக்கு எரியும் பாப்பா. அந்த வீட்டு அம்மாவுக்கு நீ யார் என்று தெரியாது. தெரியாவிட்டால் என்ன, நான் பார்த்தேனே.

போ. எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வா. ஏன் நெற்றியைப் பிடித்துக்கொள்கிறாய்? தலை வலிக்கிறதா? வலிக்காமல் என்ன செய்யும், எவ்வளவு நேரம் அழுதாய். காலையிலிருந்து ஏதாவது சாப்பிட்டாயா? இரு, என் பையில் பொரை இருக்கிறது. ஒன்று எடுத்துக் கடித்துக்கொள், வெறும் வயிற்றில் வேண்டாம். இந்தா, பேப்பரில் மடித்து வைத்திருக்கிறேன். வெள்ளை, மஞ்சள், ரோஸ், மூன்றையும் ஒன்றாக வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிடு. நீ உள்ளே போய் நிற்பதற்குள் வலி பறந்துவிடும். பயப்படாதே, வேற்று மாத்திரை இல்லை. என் தேவாவுக்குக் கொடுத்ததேதான்.

ஏன் கையை இழுத்துக்கொள்கிறாய்?

ஏன் அப்படிப் பார்க்கிறாய் என்னை? இந்த மாத்திரையைப் பற்றி டயாலிசிஸில் முதல் நாளே சொன்னார்களா? என்ன சொன்னார்கள்? மெதுவாகச் சொல், எனக்கு... வேண்டாம், சொல்ல வேண்டாம். விடு. எனக்குத் தெரியும் என்ன சொல்லியிருப்பார்கள் என்று. எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள்.

பாப்பா, பையை ஏன் திறக்கிறாய்? அது சாயங்காலத்துக்கு. அது நாளைக்கு. எல்லாவற்றையும் ஏன் எடுக்கிறாய்? எண்ணி வைத்திருக்கிறேன், கொடு. எனக்கு இடுப்பு தாங்காது, ஊர் வரைக்கும் பஸ்ஸில் உட்கார்ந்து போக வேண்டும். மேகலாவும் இப்படித்தான். ஒரு வார்த்தை பேசமாட்டாள், பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள். கொடு பாப்பா.

சரி, வைத்துக்கொள். நீயே வைத்துக்கொள். முதலில் உள்ளே போய்ச் சரி என்று சொல்லிவிட்டு வா, நேரம் ஆகிறது.

அழாதே. என் கையை விடு. ஏன் என் கையைப் பிடித்துக்கொண்டு இப்படி அழுகிறாய்? நான் என்ன சொல்லிவிட்டேன் பாப்பா?